90 பெரிதா, 83 பெரிதா?

ஆசிரியருக்கு,

கல்வித் திட்டங்களுக்கு அரசு தரும் மானியத்தில், விண்ணப்பம் எப்படி இருக்கிறது என்பதைவிட அது யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பது முடிவை மாற்றிவிடக் கூடாது. மதிப்பெண்களை அப்படியே கூட்டிச் சராசரி எடுக்கும் முறையில் அதுதான் நடக்கிறது.

ஒரு மதிப்பீட்டாளர் தாராளமானவர்: சராசரி 88, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 4. இன்னொருவர் கறார்: சராசரி 74, விலக்கம் 6. முதலாமவர் 90 போட்டால் அது அவருடைய சராசரிக்கு அரை விலக்கம்தான் மேலே. இரண்டாமவரின் 83 ஒன்றரை விலக்கம் மேலே நிற்கிறது. ஆனால் பட்டியலில் பணம் 90-க்குப் போகிறது. அவரவர் சராசரியைக் கழித்து, விலக்கத்தால் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் ஆபத்துதான். ஐந்தாறு விண்ணப்பம் மட்டும் படித்தவரின் சராசரியை நம்ப முடியாது. அவருக்கு வந்தவை எல்லாமே நல்லவையாக இருந்திருக்கலாம். எனவே குலுக்கல் முறையில் பிரித்து, ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டாவது கொடுக்க வேண்டும். எல்லா மதிப்பீட்டுக் குழுவுக்கும் பொதுவாக இரண்டு விண்ணப்பங்களைச் சேர்த்துவிட்டால், எந்தக் குழு கறார் என்பது உடனே தெரிந்துவிடும்.

கூட்டத்தில் பேசுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் மதிப்பெண்ணையும் காரணத்தையும் பதிவு செய்துவிட வேண்டும். இல்லையென்றால் முதலில் பேசும் மூத்தவரின் எண்ணை நோக்கியே மற்றவர்களும் நகர்வார்கள். ஒரு விண்ணப்பத்தைப் படிக்கும் மூவரில் இருவருக்கிடையே 15 மதிப்பெண்ணுக்கு மேல் இடைவெளி வந்தால் நான்காமவரிடம் கொடுங்கள். குறைந்த மதிப்பெண்ணைத் தூக்கிப் போடாதீர்கள். மற்றவர்கள் கவனிக்காத ஓட்டையை அவர் பார்த்திருக்கலாம்.

அதே மானியத்துக்கு விண்ணப்பித்த நிறுவனத்தைச் சேர்ந்த மதிப்பீட்டாளர் தன் நிறுவனத்தின் விண்ணப்பத்துக்கு மட்டும் எழுந்து வெளியே போவது போதாது. மற்றவர்களுக்குக் குறைத்துப் போட்டாலும் ஆதாயம் அவருக்கே.

எல்லைக் கோட்டில் 0.3 மதிப்பெண் வித்தியாசத்துக்குப் பொருளே கிடையாது. சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் நிதியம் 2021 முதல், தரத்தில் பிரிக்க முடியாதவற்றுக்குச் சீட்டுப் போட அனுமதிக்கிறது. அது நேர்மையான வழி.

அடுத்தது தகவல் பிழை. 2010-ல் அமெரிக்க மாநிலங்கள் கல்வி மானியத்துக்காகப் போட்டியிட்ட ‘ரேஸ் டு தி டாப்’ திட்டத்தில் நியூஜெர்சி மாநிலம் பட்ஜெட் கேள்விக்கு வேறு ஆண்டுகளின் விவரத்தைக் கொடுத்து 4.8 மதிப்பெண் இழந்தது. 500-க்கு 3 மதிப்பெண் குறைவில் 40 கோடி டாலர் கைநழுவியது. தரவரிசை வெளியாகும் முன் மதிப்பீட்டுத் தாளை விண்ணப்பதாரருக்கு அனுப்பி, தகவல் பிழையை மட்டும் சுட்டிக்காட்ட பத்து நாள் கொடுத்தால் போதும்.

மானிய மதிப்பீட்டுப் பணியில் உள்ள சிலர்