செயலாளர் ஆண்டறிக்கை: ரிச்சர்ட் கோன் தொகுப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நாடு கடந்து பணியாற்றிய பழைய கால்பந்துப் பயிற்சியாளர்களின் குறிப்புகளைத் தமிழில் தொகுக்கும் நம் பணியில், இவ்வாண்டு முழுவதும் ஒரே பெயருக்குச் சென்றது. 1888இல் வியன்னாவில் பிறந்த ரிச்சர்ட் கோன், 1908 முதல் 1912 வரை ஆஸ்திரியாவுக்காக 6 ஆட்டங்கள் ஆடியவர்.

சிக்கல் பெயரில்தான் தொடங்குகிறது. மியூனிக்கிலும் ரோட்டர்டாமிலும் அவர் டோம்பி. பார்சலோனா பட்டியல்களில் ஜாக் டோம்பி. கோன் என்று மட்டும் தேடினால் பாதி வாழ்க்கை கைநழுவும். ஆகவே எல்லாப் பெயர்களையும் ஒரே அட்டையில் ஏற்றியுள்ளோம்.

அதிக இடம் கொடுத்தது 1932க்குத்தான். அப்போது அவர் பயர்ன் மியூனிக் கழகத்தின் பயிற்சியாளர். அவ்வணிக்கு எதிரான தெற்கு ஜெர்மனி இறுதியாட்டத்தில் பிராங்பர்ட் 2-0 என முன்னணியில் இருந்தபோது கூட்டம் கலாட்டா செய்ய, ஆட்டம் பாதியில் நின்றது. ஜூன் 12 அன்று நியூரம்பர்க்கில் தேசிய இறுதியாட்டம்; எதிரே அதே பிராங்பர்ட். ஆஸ்கர் ரோர் பெனால்டியில் ஒன்று, இரண்டாம் பாதியில் பிரான்ஸ் க்ரும் ஒன்று. பயர்ன் மியூனிக்கின் முதல் பட்டம் அது. அடுத்த லீக் பட்டத்துக்கு 1969 வரை காத்திருந்தார்கள். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், யூதரான கழகத் தலைவர் குர்ட் லாண்டாவர் மார்ச் 22 அன்று பதவி விலகினார். யூதரான டோம்பியும் அந்த ஆண்டே ஜெர்மனியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. ஒரு பட்டத்தின் பலனை ஓராண்டுகூட நிம்மதியாக அனுபவிக்க விடவில்லை என்பது மனத்தை அறுக்கிறது.

பிறகு மீண்டும் பார்சலோனா. 1935 முதல் 1939 வரை ரோட்டர்டாமின் பெயனூர்ட் கழகம். 1936இலும் 1938இலும் நெதர்லாந்துப் பட்டம். அங்கே அந்நாளில் லீக் ஒரே தொடர் அல்ல: வட்டாரப் பிரிவுகளில் முதலிடம் பிடித்த 5 அணிகள் தங்களுக்குள் மறுபடி ஆடித்தான் சாம்பியன் முடிவானது. வட்டாரப் பட்டத்தைத் தேசியப் பட்டமாக எண்ணிவிடும் பிழை இதனால்தான் வருகிறது.

ரோட்டர்டாமில் அவரை ‘அதிசய மருத்துவர்’ என்றார்கள். காயம்பட்டவரைத் தேற்றும் அவரது கைப்பக்குவம் அப்படி. மாற்று ஆட்டக்காரரை இறக்க வழியில்லாத காலம் அது. ஒருவர் கணுக்கால் பிசகி வெளியேறினால் மீதி ஆட்டம் 10 பேருடன்தான். ஆட்டத் திட்டத்துக்கு நிகரான மதிப்பு அந்தக் கைக்கு இருந்தது என்றே குறிப்பில் எழுதியுள்ளோம்.

1950களில் பெயனூர்டுக்குத் திரும்பிய பகுதி இன்னும் மெலிதாகவே நிற்கிறது. அதை அடுத்த ஆண்டுப் பணியாகப் பேரவை ஏற்குமாறு வேண்டுகிறேன்.