'வழக்கமான உப்பு அட்டவணை' கேட்கும் பெரியவர்களுக்கு

ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும், பெயர் காட்டாத மதிப்பாய்வாளர்களுக்கும் வணக்கம்.

என் கட்டுரை போன வாரம் இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்தது. எந்த இதழ் என்று இங்கே சொல்லப்போவதில்லை. கருவாட்டிலிருந்து பிரித்த பேசில்லஸ் வகை பாக்டீரியா ஒன்று, ரத்தக்கட்டியைப் பின்னுகிற ஃபைப்ரின் என்ற புரத இழையைக் கரைக்கும் என்சைமைச் சுரக்கிறது, அதை உப்பு என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். வந்த குறிப்பு: வழக்கமான உப்பு அட்டவணையை (எந்த உப்பில் என்சைம் எவ்வளவு வேலை செய்கிறது என்ற பட்டியல்) சேர்க்கவும், ஒவ்வொரு உப்பும் 5 மில்லிமோலார் செறிவில், தேவையற்ற விவரங்களைச் சுருக்கவும்.

ஐயா, அம்மா, அந்த வழக்கமான அட்டவணையைத்தான் நானும் முதலில் போட்டேன். பாஸ்பேட் பஃபரில், அதாவது அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலில், கால்சியம் குளோரைடை விட்டதும் குழாய் நீர்மோர் மாதிரி வெளுத்தது, கொஞ்ச நேரத்தில் கால்சியம் பாஸ்பேட்டாக அடியில் படிந்தும்விட்டது. பேசில்லஸ்கள் சுரக்கிற, புரதத்தை வெட்டும் சப்டிலிசின் குடும்பத்து என்சைமைக் குலையாமல் பிடித்து நிறுத்துவதே கால்சியம்தான், நாட்டோ என்ற புளித்த சோயாவில் கிடைக்கும் நாட்டோகைனேஸும் அந்தக் குடும்பம்தான். என்சைமுக்குப் போய்ச் சேராத கால்சியத்துக்கு நேரே 'பாதிப்பு இல்லை' என்று எழுதினால் அது பஃபரைப் பற்றிய தகவல், என்சைமைப் பற்றியது இல்லை. பாஸ்பேட் இல்லாத ட்ரிஸ் பஃபருக்கு மாறி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய நாலு மாதம் போனது. அந்த நாலு மாதம்தான் உங்கள் கண்ணுக்குத் தேவையற்ற விவரம்.

அப்புறம் சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு. உப்பு குறைவாக இருந்தால் ஃபைப்ரின் தடித்த இழைகளாக வெள்ளையாக உறையும், கூடினால் மெல்லிய இழைகளாகக் கண்ணாடி போல உறையும். ஃபெர்ரியும் மாரிசனும் 1947லேயே எழுதிவைத்த சங்கதி இது. தட்டில் ஃபைப்ரினை உறையவிட்டு, என்சைம் கரைத்த வட்டத்தை அளப்பதுதான் சோதனை. கண்ணாடி போல உறைந்த தட்டில் அந்த வட்டத்தை எங்கே போய்த் தேடுவது? வட்டம் சின்னதாகத் தெரிந்தால் என்சைம் சோர்ந்ததா, கட்டியின் நெசவு மாறியதா? இதைப் பிரித்துப் பார்க்கத்தான் ஃபைப்ரினே இல்லாத சிறு பெப்டைடிலும், அதாவது குட்டிப் புரதத் துண்டிலும், அளந்தேன். அந்தப் பத்தியையும் நீக்கச் சொல்கிறீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். உப்பு அட்டவணை வாங்கும்போது எந்த பஃபர், கட்டி எவ்வளவு உப்பில் உறைந்தது, என்சைமைப் பிரித்தெடுக்கப் போட்ட அமோனியம் சல்ஃபேட் உப்பு, சவ்வு வழியே உப்பை வெளியேற்றும் டயாலிசிஸுக்குப் பிறகும் மிச்சம் இருந்ததா என்பதையும் சேர்த்து வாங்குங்கள்.

கட்டியைக் கரைக்க பாக்டீரியா தருவது எல்லாம் ஒரே ரகமும் இல்லையே. 1933இல் கண்டுபிடித்த ஸ்ட்ரெப்டோகைனேஸ் தானே எதையும் வெட்டாது, கட்டியைக் கரைக்கும் என்சைமின் தூங்கும் வடிவமாக ரத்தத்தில் இருக்கும் பிளாஸ்மினோஜனைத்தான் எழுப்பிவிடும். உப்பில் உள்ள குளோரைடோ அந்தப் பிளாஸ்மினோஜனை மூடிய வடிவில் பிடித்துவைக்கும். அங்கே உப்பு வேலை செய்கிற இடமே வேறு. இதற்கும் அதே 5 மில்லிமோலார் அட்டவணைதானா?

இன்னொரு பக்கம் '3 மோலார் உப்பிலும் தாங்குகிறது, ஆகவே மருந்தாகும்' என்று முடிகிற கட்டுரைகள் தடையில்லாமல் வெளிவருகின்றன. 3 மோலார் என்றால் லிட்டருக்குச் சுமார் 175 கிராம், ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் 9 கிராம். அவ்வளவு உப்பு ஓடுகிற உடம்புக்கு மருந்து எதற்கு, அது ஏற்கெனவே கருவாடு. அந்த வரியை வைத்து மாத்திரைக் குப்பியில் விளம்பரம் அச்சடிப்பவர்களைச் சொல்ல ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. மன்னிக்கவும், பேச்சு எங்கேயோ போய்விட்டது.

திரும்பவும் பணிவாகவே கேட்கிறேன், பஃபரையும் கட்டியின் உப்பையும் சொல்லாத அட்டவணையை யாரிடமும் வாங்காதீர்கள், என்னிடமும்தான். மூன்றாவது தடவை அனுப்புகிறேன். நீங்கள் கேட்ட அட்டவணை அதில் இருக்கிறது. கால்சியத்துக்கு நேரே மட்டும் பாஸ்பேட்டில் ஒன்று, ட்ரிஸ்ஸில் ஒன்று என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றை எடுத்துவிடு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.