மசாஜ் முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்களுக்கு, நம்ம கடைல இருந்து

வணக்கமுங்க. பத்து நாளா ஒரு வாய்ஸ் மெசேஜ் குரூப் குரூப்பா சுத்திட்டு இருக்கு, உங்கள்ல பாதிப்பேரு அதை எனக்கே ஃபார்வர்ட் பண்ணி "என்னங்ணா இது"ன்னு கேட்டுட்டீங்க. "திருப்பூர்ல அந்த எண்ணெய் மசாஜ் கடைக்குப் போனேன், முதுகை முறிச்சு விட்டுட்டாங்க, மூணு நாள் எந்திரிக்க முடியல"ன்னு ஒருத்தர் பேசறாரு. யாருன்னு சொல்ல மாட்டேன், நம்ம கஸ்டமர்தான், நல்ல மனுஷன்.

அன்னிக்கு நடந்தது இதுதாங்க. ஞாயித்துக்கெழம காலைல வந்தாரு. பனியன் கம்பெனில பத்து மணிநேரம் மெஷின்ல குனிஞ்சே உக்கார்றவரு, தோள்பட்டை கல்லாட்டம் இருந்துச்சு. "இன்னும் அழுத்துங்க, காசு குடுக்கறேன்ல"ன்னு அவருதான் சொன்னாரு, நம்ம கடைப் பையனும் அழுத்திட்டான். முடிஞ்ச கையோட எண்ணெயோடயே பைக்க எடுத்துட்டுப் போயி, பச்சத்தண்ணில குளிச்சு, ஏசில தூங்கி, சாயங்காலம் ஷட்டில் வெளையாடப் போயிருக்காரு. அவரே போன்ல சொன்னதுங்க இது. பச்சத்தண்ணியக் கூட விடுங்க, அன்னிக்கே ஷட்டிலா?

முறிக்கறதுங்கற வேலையே நம்மகிட்ட கெடையாதுங்க. கழுத்த சடக்குன்னு திருப்பி சத்தம் வர வைக்கறது, முதுகுல ஏறி மிதிக்கறது, 14 வருஷத்துல ஒரு நாள் பண்ணதில்ல, கேட்டாலும் பண்ண மாட்டோம். கழுத்த அப்படித் திருப்பினா, அபூர்வமாத்தான்னாலும், உள்ள ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வரைக்கும் கொண்டு போயி விட்டுரும். இது தெரிஞ்சு கடை நடத்தறவன பத்து நாளா "முறிச்சுட்டான்"னு ஊரே பேசினா எப்படி இருக்கும் சொல்லுங்க.

ஆனா தப்பு நம்ம மேலயும் இருக்குங்க. முன்னாடி வாசல்ல அக்கா ஒருத்தங்க இருந்தாங்கல்ல, ஒவ்வொருத்தரையும் நிறுத்தி வெச்சு "கண்ணு, சுடுதண்ணில குளி, ராத்திரி வெறும் ரசஞ்சோறு"ன்னு சொல்லி அனுப்பறவங்க. மக பிரசவத்துக்குன்னு ஆடில ஊருக்குப் போனவங்க அங்கயே தங்கிட்டாங்க. அவங்க போனப்பறம் அதைச் சொல்ல ஆள் இல்ல, நானும் கவனிக்கல.

அதனால அவங்க சொன்னதையே நான் சொல்றேன். டேபிள்ல இருந்து சட்டுனு எந்திரிக்காதீங்க, பிரஷர் மாத்திரை போடறவங்களுக்குத் தலை சுத்தும், பக்கவாட்டுல திரும்பி உக்காந்து ரெண்டு நிமிஷம் கழிச்சு எந்திரிங்க. எண்ணெய் ஒரு மணிநேரம் ஊறட்டும், அப்பறம் வெதுவெதுப்பான தண்ணி, சீயக்கா இல்ல அரப்பு. பாத்ரூம் தரை வழுக்கும், நம்மகிட்ட வந்தவங்க அடிபட்டதுன்னா முக்காவாசி அங்கதான், அதனால உள்ளங்கால மொதல்ல தொடைச்சிருங்க. தாகம் எடுத்தா தண்ணி குடிங்க, மசாஜ் பண்ணா டாக்ஸின் எல்லாம் வெளிய போயிரும்னு கதை விடற ஆள் நான் இல்ல. அன்னிக்கு ஜிம், ஷட்டில், மூட்டை தூக்கறது வேண்டாம், சரக்கும் வேண்டாம்.

மறுநாள் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், அழுத்தின எடத்துல ஒரு வலி, அது ரெண்டு நாள்ல தானா போயிரும், லேசா நடங்க, சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க. கை கால் மரத்துப்போனாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி செவந்தாலோ, மூச்சு வாங்கினாலோ எனக்குப் போன் பண்ணாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க படுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க, கன்னிப்போயிரும்.

கொரோனால கடை மூடி இருந்தப்ப கூப்பிட்டு "அட்வான்ஸா வெச்சுக்கங்க"ன்னு பணம் அனுப்பினவங்க இருக்கீங்க, மறக்கலைங்க. இந்த மெசேஜ் வந்தப்பயும் குரூப்ல நமக்காகப் பேசினீங்க, ரொம்ப நன்றி. 2025ல தேங்காண்ணெய் ஏறின ஏத்தம் உங்க வீட்டுலயே தெரியும், நல்லெண்ணெயும் செக்குலதான் வாங்கறோம், அதனால ஒண்ணாந்தேதில இருந்து மசாஜ் 600 ரூபாய்ங்கறது 750. செவ்வாய், வெள்ளி லேடீஸ் டைம் ஆள் கெடைக்கற வரைக்கும் இல்லீங்க.

இன்னொண்ணு, வந்ததும் வண்டிச்சாவிய கல்லாவுல குடுத்துருங்க. முடிஞ்சு பெஞ்சுல பத்து நிமிஷம் உக்காந்து ஒரு டம்ளர் சீரகத்தண்ணி குடிச்சாத்தான் சாவி. யாரா இருந்தாலும்.