வல்லரசுகள் மோதியே தீர வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வளரும் வல்லரசும் ஏற்கெனவே கோலோச்சும் வல்லரசும் ஒருநாள் மோதியே தீரும் என்றும், 1914இல் வளரும் ஜெர்மனிக்கும் கோலோச்சிய பிரிட்டனுக்கும் இடையே மூண்ட போரே (முதல் உலகப் போர்) அதற்குச் சான்று என்றும் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை வாதிட்டிருந்தது. போட்டி போரில் முடியக்கூடும் என்பதை மறுக்கவில்லை. 'மோதியே தீரும்' என்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

எங்கள் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது 1904ஐ ஒட்டிய ஆண்டுகளில். நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் வாசலினோடு அசிட்டோன் விட்டுப் பிசைந்து, இடியாப்பம் போலப் பிழிந்து உலர்த்தும் கார்டைட்தான் அன்றைய பிரிட்டிஷ் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் உயிர். அந்நாளில் கிச்சனர் தலைமையிலிருந்த இந்திய ராணுவம் பெரிதும் அஞ்சியது, ஆப்கானிஸ்தான் வழியாக வரக்கூடிய ரஷ்யாவுக்குத்தான். அதே 1904 அக்டோபரில், ஜப்பானோடு போரிடப் புறப்பட்ட ரஷ்யக் கப்பற்படை, வட கடலில் பிரிட்டிஷ் மீன்பிடிப் படகுகளை ஜப்பானியப் படகுகள் என்று எண்ணிச் சுட்டது. மீனவர்கள் மாண்டனர், லண்டன் கொதித்தது. ஆயினும் இரு அரசுகளும் பன்னாட்டு விசாரணைக்கு உடன்பட்டன. ரஷ்யா இழப்பீடு கொடுத்தது. 1907இல் பாரசீகம், ஆப்கானிஸ்தான், திபெத் ஆகியவை குறித்து உடன்படிக்கையும் செய்துகொண்டன. (கூறு போடப்பட்ட பாரசீகத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது வேறு கதை.) 1914இல் அந்த ரஷ்யாவே பிரிட்டனின் கூட்டாளி.

ரஷ்யாவோடு தீர்ந்த பகை ஜெர்மனியோடு ஏன் தீரவில்லை? ஜெர்மனியின் பேரரசர் கைசரோ பிரிட்டனின் விக்டோரியா அரசியின் பேரன். இரு நாடுகளுக்கிடையே வணிகமும் செழித்திருந்தது. ஆனால் ரஷ்யாவோடு இருந்த பிணக்கு தொலைதூர நிலங்களைப் பற்றியது, கோடு கிழித்துத் தீர்த்துக்கொள்ளக்கூடியது; 1898, 1900 ஆண்டுகளின் கடற்படைச் சட்டங்களால் ஜெர்மனி கட்டிய போர்க்கப்பல்களோ, கோதுமையின் பெரும்பகுதியைக் கடல்வழியே வாங்கி உண்ட பிரிட்டனின் வாசலிலேயே நின்றன. 1912இல் பிரிட்டிஷ் போர்த்துறை அமைச்சர் ஹால்டேன் பெர்லினுக்குச் சென்று பேசியபோது, கப்பல் கட்டுவதைக் குறைக்க வேண்டுமானால் ஐரோப்பியப் போரில் பிரிட்டன் நடுநிலை வகிப்பதாக வாக்களிக்க வேண்டும் என்றது ஜெர்மனி. பிரிட்டன் இசையவில்லை.

அப்போதும்கூடக் கப்பலுக்காகப் போர் மூளவில்லை என்பதே என் கருத்து. ஆஸ்திரியா செர்பியா மீது போர் தொடுத்த விவகாரத்தில், செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யா படை திரட்டத் தொடங்கியபோது, பெல்ஜியம் வழியாகப் பிரான்ஸை முதலில் வீழ்த்துவது என்ற ஒரே திட்டத்தைத்தான் ஜெர்மானியத் தளபதிகள் கையில் வைத்திருந்தனர். ஆகஸ்ட் 1 அன்று, பிரான்ஸை விட்டுவிட்டுப் படைகளைக் கிழக்கே மட்டும் திருப்பலாமா என்று கைசரே கேட்டார். லட்சக்கணக்கான வீரர்களுக்கு வகுத்த ஏற்பாட்டை இனி மாற்ற இயலாது என்றார் தளபதி மோல்ட்கே. நடுநிலை காப்பதாகப் பிரிட்டனும் உறுதியளித்திருந்த பெல்ஜியத்துக்குள் ஜெர்மானியப் படை நுழைந்ததும், ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. 1914ஐச் சான்று காட்டும் கட்டுரையில் பெல்ஜியத்தைப் பற்றியோ மோல்ட்கேயைப் பற்றியோ ஒரு வரியும் இல்லாதது வியப்பளிக்கிறது.

இப்படிக்கு,
வாசகர், அருவங்காடு, நீலகிரி மாவட்டம்