மழைக்காலம் முடியும்வரை நிதியை விட்டுவையுங்கள்: ஆராய்ச்சி நிதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆராய்ச்சி நிதிக் குழுவினருக்கும் நிதி அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

காடுகளை ஆக்கிரமிக்கும் உண்ணிச்செடியை (லான்டானா) வேரோடு அகற்றும் கருவிக்கான திட்டத்தின் இரண்டாம் ஆண்டுத் தொகை பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் கணக்கில் ஏறியது. அதற்கு நன்றி. களச் சோதனையை முடித்து மார்ச் 31-க்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் (தொகை எப்படிச் செலவானது என்பதற்கான சான்று) தர வேண்டும், செலவாகாத தொகை திரும்பப் போய்விடும் என்று கூடவே ஒரு கடிதமும் வந்தது. போன ஆண்டும் இப்படித்தான் நடந்தது. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: களப்பணித் தொகையை மட்டும் அடுத்து வரும் டிசம்பர் 31 வரை செலவிட விடுங்கள்.

திட்டத்தின் பின்னணி உங்கள் கோப்பில் இருக்கிறது. மார்ச் மாதத்தில் அந்தச் சோதனை ஏன் சோதனையே ஆகாது என்பது கோப்பில் இல்லை. அதை இங்கே எழுதுகிறோம்.

உண்ணிச்செடியை எங்கே வெட்டினாலும் துளிர்க்கும் என்பார்கள். உண்மையில் அது துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்து. அதனால்தான் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழுவினர் மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். சுற்றி அகலமாகத் தோண்டக்கூடாது. தோண்டினால் மண்ணில் கிடக்கும் விதையெல்லாம் முளைத்துவிடும். ஜே.சி.பி.யை உள்ளே விடக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. இந்த வேலையை இரண்டு பேர் தூக்கிப் போகக்கூடிய ஒரு கருவியால், நாள் முழுக்க முதுகை வளைக்காமல் செய்ய முடியுமா என்பதே எங்கள் ஆய்வு.

சோதனை இப்படி நடக்கும். செடியின் அடியில் பட்டை கட்டி, முக்காலியில் தொங்கும் செயின் பிளாக்கால் (சங்கிலிக் கப்பி) மேலே இழுக்கிறோம். இடையில் ஒரு லோட் செல் விசையைப் பதிவு செய்யும். பக்கத்திலேயே 30 பாகைக் கூம்பு பெனட்ரோமீட்டரை (மண்ணில் குத்தி இறக்கும் கூம்பு முனைக் கம்பி) நொடிக்கு 30 மி.மீ. வேகத்தில் இறக்கி மண்ணின் எதிர்ப்பை அளக்கிறோம். மண் மாதிரியை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி ஈரத்தைக் கணக்கிடுகிறோம்.

ஈர மண்ணில் விசை மெல்ல ஏறும். பக்க வேர்கள் ஒவ்வொன்றாக நழுவ நழுவ வரைகோடு படிப்படியாக இறங்கும். அந்தக் கோடுதான் எங்களுக்கு வேண்டும், கருவியின் கைப்பிடி நீளமும் நெம்புகோல் விகிதமும் அதிலிருந்து வருகின்றன. மார்ச் மாதத்தில், முதுமலையை ஒட்டிய மசினகுடிப் பக்கத்துக் காட்டில் மண் செங்கல்லாக இறுகியிருக்கும். கூம்பு அந்த வேகத்தில் இறங்காது. இழுத்தால் விசை நேராக ஏறி, தண்டு அடியில் முறியும். கழுத்துப் பகுதி மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அப்போது லோட் செல் காட்டுவது வேரின் பிடிப்பை அல்ல, தண்டின் முறிவு வலிமையை. அந்த எண்ணை வைத்துக் கருவி செய்தால் தேவையில்லாத எடை ஏறும், அதற்குப் பிறகும் வேர் வராது. இது எங்கள் கவனக்குறைவால் வரும் பிழை அல்ல. மார்ச் மாதத்தில் யார் செய்தாலும் இந்த எண்தான் வரும்.

தண்ணீர் ஊற்றிச் சோதிக்கலாமே என்று போன ஆண்டு மதிப்பாய்வுக் கூட்டத்தில் கேட்டீர்கள். ஊற்றினால் மேல்மண் சில செ.மீ. மட்டுமே நனையும், ஆணிவேர் நிற்கும் இடம் காய்ந்தே கிடக்கும். வளாகத்தில் மண்தொட்டி வைக்கச் சொன்னீர்கள். கலைத்து நிரப்பிய மண்ணில் ஆண்டுக்கணக்கில் பின்னிய வேர்ப்பிடிப்பு எங்கிருந்து வரும்? மேலும், பிப்ரவரியிலிருந்து தீத்தடுப்புக் காலம். காய்ந்த புல்லுக்கு நடுவே பெட்ரோல் இன்ஜினை ஓட்ட வனத்துறை விடாது, விடவும் கூடாது. உண்ணிப் புதரே தரைத்தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடும் எரிபொருள்.

செடியைப் பிடுங்கிய அன்றோடு வேலை முடிவதும் இல்லை. மீண்டும் துளிர்த்தவை எத்தனை, பழம் தின்று விதையை எச்சமிடும் பறவைகள் வந்து அமரும் மரங்களின் கீழே புதிதாக முளைத்த நாற்றுகள் எத்தனை என்று 1 மீட்டர் சதுரங்களில் எண்ண வேண்டும். அதற்கு இன்னொரு மழை வேண்டும். முதுமலையில் 1988-இல் இந்திய அறிவியல் கழகம் தொடங்கிய 50 எக்டேர் நிலையான ஆய்வுத் திடல் இன்று உலகெங்கும் மதிக்கப்படுகிறது என்றால், ஆண்டு தவறாமல் அதே மரங்களிடம் திரும்பிப் போனதால்தான். நாங்கள் கேட்பது தென்மேற்கு, வடகிழக்கு என டிசம்பருக்குள் வரும் இரண்டே மழைக்காலம்.

எல்லாவற்றையும் விட வலிப்பது இது. களப்பணி உதவியாளர்களின் நியமன ஆணை மார்ச் 31-உடன் முடிகிறது. புதிய ஆணை வருவதற்குள் மழை பாதி போய்விடுகிறது. தழையைப் பார்த்தே வயதான புதர் எது, இளம் நாற்று எது என்று சொல்லும் இருளர், குறும்பர் இளைஞர்கள் அவர்கள். யானை நிற்பதை எங்களுக்கு முன்பே அறிந்து எங்களை நிறுத்துபவர்களும் அவர்களே. மாதக்கணக்கில் கூலி இல்லாமல் காத்திருங்கள் என்று எந்த முகத்தோடு அவர்களிடம் சொல்வது? வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஜூலையில் புதியவர்களுக்கு முதலிலிருந்து கற்றுக்கொடுக்கிறோம்.

மார்ச் மாதத்தில் உடனே வாங்கக்கூடியவை கணினியும் பிரிண்டரும்தான். அவற்றுக்கு, கொள்முதலுக்குக் கேட்கப்படும் மூன்று விலைப்புள்ளிகள் ஒரே நாளில் கிடைக்கும். கூடலூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒரு கூம்பு முனையைக் கடைந்து தர மூன்று விலைப்புள்ளிகளுக்கு எங்கே போவது? எத்தனையோ துறைகளில் களப்பணிப் பணம் இப்படி மேசைப் பொருளாக மாறிப் போகிறது. தணிக்கையில் அது சரியாக இருக்கிறது, காட்டில் புதர் அப்படியே நிற்கிறது. இந்தியக் காடுகளில் சுமார் 1,54,000 சதுர கி.மீ. பரப்பில் உண்ணிச்செடி பரவியிருப்பதாக 2020-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. மெக்கானிக்கல் துறைக்கு இது காட்டு வேலை, சூழலியல் துறைக்கு இது பட்டறை வேலை என்று பதவி உயர்வுக் குழுக்கள் இரண்டுமே ஒதுக்கும் ஆய்வு இது. இருந்தும் செய்கிறோம்.

கோபத்தில் எழுதிவிட்டோமென்றால் பொறுத்தருளுங்கள். கூடுதல் பணம் கேட்கவில்லை. ஒதுக்கிய தொகையில் களப்பணிப் பகுதியை மட்டும் டிசம்பர் 31 வரை செலவிடவும், உதவியாளர் நியமனத்தை அதே நாள் வரை நீட்டிக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். லோட் செல்லின் அளவுத்திருத்தச் சான்றிதழையும் மாதவாரியான செலவுத் திட்டத்தையும் இணைத்திருக்கிறோம். மார்ச் 15-க்குள் பதில் கிடைத்தால் உதவியாளர்களை வேலையிலிருந்து நிறுத்தாமல் இருக்க முடியும்.

இப்படிக்கு,
இயந்திரப் பொறியியல், வனச் சூழலியல் துறைகளின் கூட்டு ஆய்வுக் குழுவினர்