தீர்க்கதரிசனம் வெளியுறவுக் கொள்கை ஆகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இஸ்ரேலுக்கு அமெரிக்கா ஏன் இப்படி முட்டுக்கொடுக்கிறது என்று எழுதும்போதெல்லாம் எண்ணெய், ஆயுத வியாபாரம், யூத அமைப்புகளின் செல்வாக்கு என்பதோடு நம் பத்திரிகைகள் நிறுத்திக்கொள்கின்றன. அமெரிக்க எவாஞ்சலிக்கல் சபைகள் (வேதாகமத்தையும் மனமாற்றத்தையும் முன்னிறுத்தும் புராட்டஸ்டன்ட் சபைகள்) பலவற்றில் பிரசங்கிக்கப்படும், உலக முடிவைப் பற்றிய கடைசிக்கால நம்பிக்கையை யாரும் தொடுவதில்லை.

2018 மே 14 அன்று எருசலேமில் அமெரிக்கத் தூதரகம் திறக்கப்பட்டபோது தொடக்க ஜெபம் செய்தவர் டாலஸ் பாப்டிஸ்ட் போதகர் ராபர்ட் ஜெஃப்ரஸ். முடிவு ஜெபம் செய்தவர் ஜான் ஹேகி. இஸ்ரேலை ஆதரிக்கக் கிறிஸ்தவர்களைத் திரட்டும் பெரிய அமைப்பை 2006-ல் தொடங்கியவர். அதே நாளில் காசா எல்லையில் ஏறத்தாழ 60 பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்டார்கள். எருசலேம் முடிவை எவாஞ்சலிக்கல் மக்களுக்காகவே எடுத்ததாக 2020 ஆகஸ்டில் டிரம்ப்பே மேடையில் சொன்னார்.

இவர்களில் பலர் நம்புவது இதுதான்: யூதர்கள் தேசம் திரும்ப வேண்டும், எருசலேமில் அவர்களுடைய பழைய ஆலயம் மறுபடி எழும்ப வேண்டும், இரகசிய வருகை (விசுவாசிகளை இயேசு வானத்துக்கு எடுத்துக்கொள்வது), ஏழு வருட உபத்திரவம், அப்புறம் அர்மகெதோன் என்னும் இறுதிப் போர். அந்த ஆலயம் எழும்ப வேண்டிய இடத்தில் இன்று நிற்பவை அல் அக்சா மசூதியும் பாறைக் குவிமாடமும். ஆலய வழிபாட்டுக்குத் தேவை என்று கருதப்படும், வேதாகமத்தின் எண்ணாகமம் 19-ல் உள்ள சுத்திகரிப்புச் சடங்குக்காக 2022-ல் டெக்சாஸிலிருந்து ஐந்து சிவப்புக் கிடாரிகளை இஸ்ரேலுக்கு விமானத்தில் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த மலையில் எதைத் தொட்டாலும் பற்றிக்கொள்ளும் என்பது தெரிந்தும்!

இந்த வரிசையின் கடைசியில் இயேசுவை ஏற்காத யூதர்களுக்கு அழிவுதான். இதை யூதர்கள் மேலுள்ள அன்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நானும் வேதம் வாசிக்கிறவன்தான். இந்த விளக்கம் 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் வகுத்துக் கொடுத்தது. 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் வழியாக அமெரிக்க வீடுகளுக்குள் போனது. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகள் இதை ஏற்பதில்லை. ஒருவர் தன் வீட்டில் எதை நம்பினாலும் சரி, அது அவர் உரிமை. ஆனால் போரை இயேசுவின் வருகையின் அடையாளமாகவும், நிலத்தை விட்டுக்கொடுப்பதைத் தேவனுக்குக் கீழ்ப்படியாமையாகவும் பார்ப்பவர்கள் ஆட்சியாளர்களின் பக்கத்தில் உட்காரும்போது, சமாதானப் பேச்சுக்கு என்ன இடம் மிஞ்சும்?

எருசலேமின் கத்தோலிக்கத் தலைவரான லத்தீன் மறைமுதுவரும் சிரிய ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லுத்தரன் தலைவர்களும் 2006-லேயே கிறிஸ்தவ சியோனிசத்தை (வேத தீர்க்கதரிசனத்தின் பெயரில் இஸ்ரேலை ஆதரிக்கும் இந்தப் போக்கை) கூட்டாக மறுத்து அறிக்கை விட்டார்கள். அந்த மண்ணிலேயே வாழ்ந்துவரும் கிறிஸ்தவர்களின் குரல் அது. அந்த அறிக்கையைத் தமிழில் முழுமையாக வெளியிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்