துணை அதிபர் தேர்வும் மாநிலக் கணக்கும்

ஆசிரியருக்கு,

2024 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, பென்சில்வேனியாவின் 19 தேர்வாளர் வாக்குகளை (அதிபரைத் தீர்மானிக்க மாநிலவாரியாக ஒதுக்கப்படும் வாக்குகள்) கருதி, கமலா ஹாரிஸின் துணை அதிபர் வேட்பாளராக அம்மாநில ஆளுநர் ஜோஷ் ஷாபிரோவின் பெயர் அடிபட்டதாகச் செய்தி படித்தேன். துணை வேட்பாளரின் சொந்த மாநிலம் கைக்கு வந்துவிடும் என்ற இந்தக் கணக்கு அவ்வளவு எளிதில் பலிப்பதில்லை. 2004இல் புஷ்ஷை எதிர்த்த ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரி, ஜான் எட்வர்ட்ஸைத் துணைக்கு நிறுத்தியும் எட்வர்ட்ஸின் சொந்த மாநிலமான வட கரோலினாவில் தோற்றார். அப்போது நான் அந்த மாநிலத் தலைநகர் ராலியில் வேலை பார்த்தேன். 'எங்கள் ஊர்க்காரர்' என்று எட்வர்ட்ஸைப் புகழ்ந்த பக்கத்து வீட்டுக்காரரே தன் புல்வெளியில் புஷ் பெயர்ப் பலகையைத்தான் நட்டிருந்தார். 2012இல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் பால் ரயனின் மாநிலமான விஸ்கான்சினும் எதிர்த்தரப்பு ஒபாமாவுக்கே போனது.

அதைவிட முக்கியம், அதிபர் இறந்ததாலோ விலகியதாலோ இதுவரை ஒன்பது துணை அதிபர்கள் பாதியிலேயே அதிபராக நேர்ந்திருக்கிறது. ஷாபிரோ நல்ல நிர்வாகிதான், சரி. ஆனால் அவர், அப்போது பேசப்பட்ட மற்ற இருவரான டிம் வால்ஸ், மார்க் கெல்லி ஆகிய மூவரில், திடீரென அதிபர் பொறுப்பேற்க நேர்ந்தால் யார் சமாளிப்பார் என்பதே ஹாரிஸின் முடிவுக்கு அளவுகோலாக இருந்திருக்க வேண்டும்.

வாசகர், திருச்சி